வீட்டில் பதிவு செய்யும் பாடல்களின் புராஜெக்ட் கோப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

புராஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பெரும்பாலான மென்பொருள்களில் அந்தக் கோப்புக்குள் ஒலியே இருக்காது. எந்த ஒலிக்கோப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சத்தம், என்ன எஃபெக்ட் என்ற குறிப்புகள்தான் இருக்கும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளின் புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துகளும், நடுநடுவே வேவ் எனப்படும் ஒலிக்கோப்புகளின் பெயர்களும்தான் தெரியும். நீங்கள் பாடியதெல்லாம் அந்த வேவ் கோப்புகளில் இருக்கிறது.

எனவே பாடலுக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். பதிவைத் தொடங்கும் முன்பே புராஜெக்டை அதற்குள் சேமித்துவிடுங்கள். டிராக்குகளுக்கும் (ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் உரிய தனித்தனி வரிசைகள்) அப்போதே பெயரிடுங்கள். பல மென்பொருள்கள் டிராக்கின் பெயரையே ஒலிக்கோப்புக்கும் வைக்கும் என்பதால், பின்னாளில் தேடுவது எளிது. கோப்புகள் ஏற்கெனவே சிதறிக் கிடந்தால் நீங்களாக இடம் மாற்றாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும். ஏபிள்டன் லைவில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', கியூபேஸில் 'பேக்கப் புராஜெக்ட்' என்று இதற்கென்றே வசதி உண்டு. ரீப்பரில் 'சேவ் அஸ்' கொடுக்கும்போதே எல்லா ஒலியையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம்.

'பயன்படுத்தாத கோப்புகளை நீக்கு' என்ற வசதியிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இன்றைய பதிப்பில் இடம்பெறாத டேக் (ஒரு பகுதியை ஒருமுறை பாடிய பதிவு), பழைய பதிப்பில் இடம்பெற்றிருக்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ பதிவு நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட்தான். இருபது டிராக் கொண்ட நான்கு நிமிடப் பாடல் ஏறத்தாழ 700 மெகாபைட். அந்த இடத்தை மிச்சப்படுத்த ஒரு நல்ல குரல் பதிவை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மொத்தம் மூன்று நகல்கள் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே அல்லது கிளவுடில் ஒன்று. கிளவுடுடன் தானாக ஒத்திசையும் ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம். கணினியில் தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைத்தான் பலரும் நினைப்பதில்லை. சில வருடங்களில் கணினியை மாற்றுவீர்கள். அன்று பயன்படுத்திய பிளக்இன் (எஃபெக்டோ கருவி ஒலியோ தரும் துணை மென்பொருள்) புதிய இயங்குதளத்தில் திறக்காமல் போகலாம். புராஜெக்ட் பத்திரமாக இருந்தும் பாடல் பழையபடி ஒலிக்காது. ஆகவே பாடல் முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே முழு நீள வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். எஃபெக்டுடன் ஒரு முறை, எஃபெக்ட் இல்லாமல் ஒரு முறை. எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்குவதால் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் வரிசையாகப் பொருந்தும். கீபோர்டில் வாசித்தவற்றுக்கு மிடி கோப்பையும் (எந்த ஸ்வரம் எப்போது வாசிக்கப்பட்டது என்ற குறிப்பு) சேருங்கள். டெம்போ, சுருதி, பயன்படுத்திய பிளக்இன்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள்.

பிறகு வெளி டிஸ்கை வேறொரு கணினியில் இணைத்து, அதிலிருந்து ஒரு பாடலைத் திறந்து முழுதாகக் கேட்டுப் பாருங்கள். ஏதாவது கோப்பு விடுபட்டிருந்தால், மூலம் உங்கள் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.