ஆம்னியில் கட்டில் போட ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். 2012 மாடல் ஐந்து சீட் ஆம்னி, பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை மனைவியுடன் ஏற்காடு போய் வண்டியிலேயே இரவு தங்க ஆசை. பின் சீட் மடங்கும். ஆனால் அதைக் கழற்றிவிட்டு இரும்பு ஃபிரேம் வெல்டிங் அடித்துக் கட்டில் போட்டால் இடம் தாராளம் என்கிறார் பட்டறைக்காரர். ஆர்.சி.யில் ‘கேம்பர் வேன்’ என்று ஏற்றித் தர ஏஜென்ட் ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். நண்பரோ ‘சொந்த வண்டி, யார் கேட்கப் போகிறார்கள்’ என்கிறார். இரண்டாவது பேட்டரி, சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பும் வைக்கலாம் என்று இருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். சீட் அப்படியே இருக்கட்டும், வெல்டிங் வேண்டாம், ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை, இறக்கி ஏற்றக்கூடிய கட்டில் ஒன்றும், வண்டி வயரிங்கில் சேராத தனி மின்பெட்டி ஒன்றும்தான். இரண்டும் சட்டத்தின் கண்ணில் லக்கேஜ்.

முதலில் அந்த 18,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரமும் கம்பெனி தயாரித்த விவரமும் மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட் எடுத்தது ஒன்று, ஃபிரேம் வெல்டிங் அடித்தது இன்னொன்று என்று தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள்.

‘ஆனால் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் கேம்பர் வேன், சொந்த உபயோகம் என்று ஒரு வகையே இருக்கிறதே’ என்று ஏஜென்ட் காட்டுவார். இருக்கிறது. அது, கேரவனாகவே வடிவமைத்து, கேரவன்களுக்கான ஏ.ஐ.எஸ்.-124 தரப்படி சோதித்துச் சான்று வாங்கிய வண்டிக்கானது. அந்தச் சோதனை நடப்பது புனே, மானேசர், நம் ஊருக்குக் கிட்டே என்றால் ஒரகடம் போன்ற சோதனை மையங்களில். உடையாப்பட்டி பட்டறையில் கட்டிய கட்டிலைத் தூக்கிக்கொண்டு யார் அங்கே போய் நிற்க முடியும்? ஒற்றை வண்டிக்காரர் நியாயமாக விண்ணப்பித்து, நியாயமான கட்டணம் கட்டி ஒப்புதல் வாங்க எளிய வழி ஒன்றை அரசு செய்து தரவில்லை. ‘இது ஆகும், இது ஆகாது’ என்று ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தாலே பாதி ஏஜென்டுகளுக்கு வேலை இருக்காது. அந்த ஒரு தாள் இல்லாத இடத்தில்தான் அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

18,000 கொடுத்தால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒரு விண்ணப்ப எண்ணும் ‘ஆகிவிடும் சார்’ என்ற பதிலும்தான். உங்கள் வண்டிக்கு 2027-ல் 15 ஆண்டு முடிகிறது. அடுத்த ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஆய்வாளர் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்ததும் கண்ணில் படுவது பின் சீட் இல்லாத தரையும் வெல்டிங் தழும்பும். அன்றைக்கு ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். இடையில் விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதும் முதல் வரியும் அதுவாகத்தான் இருக்கும்.

ஏஜென்டுகள் இன்னொரு வாதமும் வைத்திருப்பார்கள்: ‘கேஸ் கிட்டை ஆர்.சி.யில் ஏற்றுகிறோமே, அதுபோல இதையும் ஏற்றலாம்.’ இதில் பலரும் ஏமாறுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேஸ் கிட் என்பது சட்டமே பெயர் சொல்லிக் கொடுத்த விதிவிலக்கு. உங்கள் மாடலுக்கென்று ஒப்புதல் பெற்ற சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட்டை, அங்கீகாரம் உள்ள மையத்தில் பொருத்தி, அந்த மையத்தின் சான்றோடு போனால் ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தை மாற்றித் தருவார்கள். மாறுவது எரிபொருள் மட்டும்தான். சீட்டும் பாடியும் அப்படியே இருக்கும். அந்த விதிவிலக்கை இழுத்து வந்து கட்டிலுக்குப் போர்த்த முடியாது. ஏற்கெனவே எல்.பி.ஜி. கிட் உள்ள ஆம்னி என்றால் இன்னொரு விபரீத யோசனையும் வரும்: பின்னால் இருக்கும் டேங்கிலிருந்தே அடுப்புக்கு ஒரு குழாய் இழுப்பது. செய்யவே கூடாது. வீட்டு சிலிண்டரின் மேல்பகுதியிலிருந்து வருவது ஆவி. வண்டி டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போவது திரவம். அடிவரை இறங்கிய குழாய் வழியாக அது திரவமாகவே வெளியேறும். எஞ்சின் பக்கம் உள்ள கருவிதான் அதை ஆவியாக்கும். அந்தத் திரவம் அடுப்பு பர்னருக்கு வந்தால், அரை அடி தீ ஆறடித் தீயாகிவிடும். மாறாக, வீட்டு சிலிண்டரிலிருந்து வண்டி டேங்கை நிரப்பித் தருகிறேன் என்று சந்துக்குள் கூப்பிடுபவரிடமும் போகாதீர்கள். அது குற்றம்; மோட்டார் வைத்து ஏற்றும்போது ஒரு பொறி போதும்.

இப்போது கட்டில். பட்டறைக்காரர்கள் 18 எம்.எம். ப்ளைவுட்டுக்குத்தான் கைநீட்டுவார்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ. இரண்டு ஷீட் 70, நூறு ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 35, தண்ணீர் கேன் இரண்டு 40, ஃபிரிட்ஜ் 12, படுக்கையும் பாத்திரமும் 20. மொத்தம் 175 கிலோவைத் தாண்டும். மூன்று பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். 796 சிசி எஞ்சின் அதை இழுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும்; அதைவிட முக்கியம், அதே எடையோடு அந்த பிரேக் இறங்க வேண்டும்.

12 எம்.எம். ஷீட் ஒன்று போதும், 23 கிலோ. தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அடியில் 25 எம்.எம். அலுமினியச் சதுரக் குழாய் ஃபிரேம். 40 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கு இருந்தால் பலகை தொய்யாது. பலகையை மூன்று துண்டாக வெட்டிக் கீல் போடுங்கள். ஒரு துண்டு டிக்கி இடத்தில் ஒரு பெட்டியின் மேல், நடுத்துண்டு மடித்த சீட்டின் மேல், மூன்றாவது முன்சீட்டுக்குப் பின்னால் கால்வைக்கும் இடத்தில் இன்னொரு பெட்டியின் மேல். மூன்றும் ஒரே மட்டத்தில் வர, சீட்டை மடித்து அதன் உயரத்தை அளந்த பிறகே பெட்டிகளை வெட்டுங்கள். முதலில் பெட்டி செய்துவிட்டுப் பிறகு சீட்டை மடித்துப் பார்ப்பவர்களுக்கு இரவெல்லாம் இடுப்பில் ஒரு மேடு இடிக்கும். பலகையில் அரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ஓட்டை போடுங்கள். இல்லையென்றால் மெத்தையின் அடி ஈரமாகிப் பூசணம் பிடிக்கும். பெட்டிகளை ராட்செட் பெல்ட் போட்டு சீட்டின் இரும்புக் காலில் கட்டுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கைவைக்காதீர்கள்.

மின்சாரத்தில் பட்டறை எலக்ட்ரீசியன் செய்யும் வழக்கமான தவறு, இரண்டாவது பேட்டரியை முதல் பேட்டரியோடு நேராக இணைத்துவிடுவது. சாவி திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதில் ஒரு பங்கு பின்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து மெல்லிய வயர் வழியாகப் பாயும். வயர் சுடும், உறை உருகும். தகரத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் ஓட்டை போட்டு இழுத்திருந்தால் அந்த இடத்திலேயே ஷார்ட் ஆகும். ஆம்னியில் எஞ்சின் உங்கள் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

அதனால் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, வீட்டில் அதற்கான சார்ஜரில் ஏற்றிக்கொண்டு போங்கள். எடை சுமார் 6 கிலோ. உள்ளே இருப்பது 640 வாட்-மணி. 15 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் 120, ஐந்து வாட் விளக்கு இரண்டு நான்கு மணி நேரம் 40, இரண்டு போன் 30. ஒரு நாளுக்கு 190. இரண்டு இரவு தாராளமாக வரும். ஃபிரிட்ஜ் சேர்ந்தால் கணக்கு உடையும். 45 வாட் கம்ப்ரசர் நாளில் பத்து மணி நேரம் ஓடினாலே 450. ஒரே நாளில் பேட்டரி காலி. ஏற்காட்டு இரவுக்கு ஃபிரிட்ஜ் எதற்கு? வீட்டில் உறைய வைத்த இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஓர் ஐஸ் பெட்டியும் மறுநாள் மதியம் வரை பாலைக் காக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். வயர் 2.5 சதுர எம்.எம்., பல இழை காப்பர். முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வயர் முனையில் லக் என்ற உலோகக் காதை வைத்து அழுத்தி கிரிம்ப் அடியுங்கள். மலைக்குலுக்கலில் டேப் பிரிந்துவிடும்.

அடுப்பு வண்டிக்கு வெளியில்தான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் வண்டித் தரையில், உங்கள் மெத்தைக்கு அடியில் போய்த் தேங்கும். சிறிய பியூட்டேன் டப்பா அடுப்பு போதும். சமைத்து முடித்ததும் டப்பாவைக் கழற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் அதை விட்டுவைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

குளிர்கிறதென்று கரி அடுப்பை உள்ளே வைக்கவோ, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவோ கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், நிறுத்திவைத்த கேரவனுக்குள் இருவர் இறந்தது ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடால்தான். அதற்கு வாசனை இல்லை. தூங்குபவருக்கு விழிப்பே வராது. மார்கழியிலும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அகலம் திறந்து, உள்ளே கொசுவலை ஒட்டிக்கொள்ளுங்கள். இருவர் விடும் மூச்சின் ஈரம் தகரத்தில் வேர்த்து, காலையில் கூரையிலிருந்து சொட்டுவதற்கும் இதுதான் மருந்து. கூரைக்குள் தெர்மோகோல், கண்ணாடிப் பஞ்சு எதையும் அடைக்காதீர்கள். ஈரம் கோத்துத் தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். திரைச்சீலை நிறுத்திய பிறகு மட்டும். கறுப்பு ஃபிலிம் 2012-லேயே தடையாகிவிட்டது.

இரவு தங்க சாலையோரமோ காப்புக்காட்டு ஓரமோ வேண்டாம். எஸ்டேட் அல்லது ஹோம்ஸ்டே ஒன்றில் நிறுத்துமிடமும் கழிவறையும் மட்டும் பேசி எடுங்கள்.

போகும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றாமல் இருந்தால் மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சிய ஆயில் இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். தண்ணீர் பாட்டில் எதுவும் ஓட்டுநர் காலடிக்கு உருண்டு வராதபடி பெட்டிக்குள் அடையுங்கள். வளைவில் அது பிரேக் பெடலுக்கு அடியில்தான் போய்ச் சிக்கும். சரிவில் நிறுத்தி டயருக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வையுங்கள். நடுரோட்டில் விட்ட கல், இரவில் பனிமூட்டத்தில் பைக்கில் வருபவருக்குத் தெரியாது.