காய்ச்சல் போய்விட்டது, கணக்கு ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் கொரோனா வந்து வீட்டிலேயே குணமானேன். இப்போது பில் கூட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் தெரிவதில்லை. அடுப்பில் பால் வைத்ததையும் மறந்துவிடுகிறேன். இது மறதி நோயின் ஆரம்பமா? ஸ்கூட்டர் ஓட்டலாமா, டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்வது மறதி நோய் போலத் தெரியவில்லை அம்மா. அந்த நோயில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். உங்களுக்குத் தடுமாறுவது கவனம். இடையில் குறுக்கீடு வந்தால் கையிலிருந்த வேலை நழுவிவிடுகிறது.

கொரோனாவுக்குப் பிறகு இது பலருக்கும் வருகிறது. இங்கிலாந்தில் லட்சம் பேருக்கு மேல் பங்கேற்ற ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. தொற்று வந்து முழுக்கக் குணமானவர்களிடமும் அறிவுத்திறனை அளக்கும் ஐக்யூ கணக்கில் சுமார் 3 புள்ளி அளவுக்குச் சரிவு தெரிந்தது. அறிகுறிகள் நீடித்தவர்களிடம் 6. சிறிய சரிவுதான், ஆனால் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுபவருக்கு அது உறைக்கும்.

இருந்தாலும் எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட்டுவிட வேண்டாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டால் பி12 குறையலாம். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும், மாதவிடாய் நிற்கப்போகும் பருவமும்கூட மூளையை மந்தமாக்கும். விளம்பரத்தில் வரும் ஞாபகசக்தி டானிக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கடையில் கூட்டல் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். யாராவது கூப்பிட்டால், நிமிர்வதற்கு முன் எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, மொத்தத்தை இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாலுக்கு போனில் அலாரம் போதும். ஒருநாள் இழுத்துப் பிடித்து வேலை செய்து மறுநாள் சுருண்டு படுக்கிறீர்கள் என்றால், பழகப் பழகச் சரியாகும் என்று மேலும் முயல வேண்டாம். வேலையைக் குறையுங்கள்.

சரி, ஸ்கூட்டர். தலைசுற்றலோ பகல் தூக்கமோ இருக்கும்வரை தொடவே வேண்டாம். இல்லையென்றால், களைப்பில்லாத நேரத்தில், நெரிசலில்லாத தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது, சந்திப்பில் குழம்புகிறது என்றால் இப்போதைக்கு பஸ்தான். திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பழகிய வழியே தெரியாமல் போனாலோ, அது வேறு விஷயம். அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.