தடுப்பூசி பாதிப்பும் இழப்பீடும்: கேட்டவர்களுக்குப் பதில்

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்தன.

மார்த்தாண்டத்திலிருந்து: கொரோனா ஊசி போட்டு ஒரு வாரத்தில் அண்ணன் இறந்துவிட்டார். 50,000 ரூபாய்க்கு எங்கே மனு கொடுக்க வேண்டும் சார்?

அந்த 50,000 கொரோனா தொற்றில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 2021இல் வந்தது. ஊசிக்கு அல்ல. ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இது: ஊசி கட்டாயமில்லை, இழப்பீடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதியில்லை என்று சொன்ன காலத்தை நாம் மறக்கவில்லையே.

குளச்சலிலிருந்து: வெளிநாட்டில் கொடுக்கிறார்களாமே?

ஆமாம். அமெரிக்காவில் 1986லேயே சட்டம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கான ஊசிகளில், ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் வரி பிடித்து அந்த நிதியிலிருந்து தருகிறார்கள். பிரிட்டனில் 1979 முதல் உண்டு. இப்போது 1,20,000 பவுண்டு. ஆனால் 60 சதவீத ஊனம் இருக்க வேண்டும். 59 என்றால் வெறுங்கைதான்.

அருமனையிலிருந்து: பிள்ளைக்கு மூன்றரை மாத ஊசி போட்ட அன்று ராத்திரி வலிப்பு வந்தது. திருவனந்தபுரத்தில் சேர்த்தோம். ஊசி போட்ட அக்காவிடம் சொன்னதற்கு, "சரியாகிவிடும்" என்றார். இனி என்ன செய்வது அண்ணாச்சி?

தங்கச்சி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் அது "கடுமையான பாதிப்பு". தெரிந்ததும் 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போயிருக்க வேண்டும். இப்போதும் தாமதம் என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும், நாகர்கோவிலில் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். தடுப்பூசி அட்டை, திருவனந்தபுரத்து டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். 1800 180 3024 என்ற இலவச எண்ணிலும் பதியலாம்.

அப்புறம் நிபுணர் குழு காரணத்தைப் பார்க்கும்: மருந்தா, அதன் தரமா, போட்ட விதமா, பயமா, தற்செயலா? ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததல்ல. காய்ச்சலில் வலிப்பு வரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பதிவே இல்லையென்றால் எந்த நீதிமன்றத்திலும் நம் பேச்சு எடுபடாது. அடுத்த ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

தக்கலையிலிருந்து: நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால் போகலாம், 2 வருடத்துக்குள். அரசு இலவசமாகப் போட்டது என்றால் பொதுவாக அங்கே நிற்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசுக்கு எதிராக ரிட் மனு போடுவதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

ஈத்தாமொழியிலிருந்து: ஊசி போட்ட தொடை வீங்கியிருக்கிறது. இதற்குப் பணம் உண்டா?

இல்லை. இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். சீழ் வைத்தால் மட்டும் உடனே காட்டுங்கள். அதையும் பதியச் சொல்லுங்கள்.