முளைக்கவில்லை என்றால் செத்தது என்று அர்த்தமில்லை: ரொறன்ரோ தோட்டக் கேள்விகள்

மே முதல் வாரத்துக் கேள்விகள் இவை. பல்லாண்டுப் பூச்செடிகளும் அலங்காரப் புற்களும்தான் எனக்குத் தெரிந்தவை. மற்றவற்றுக்கு ஓரிரு வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்காபரோ அக்கா: பக்கத்து வீட்டுப் புல் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. என் மிஸ்காந்தஸ் புல் வெறும் வைக்கோலாகக் கிடக்கிறது. பிடுங்கிவிடவா?

பிடுங்க வேண்டாம் அக்கா. பக்கத்து வீட்டில் இருப்பது அநேகமாகக் கார்ள் ஃபோர்ஸ்டர் புல்லாக இருக்கும். 2001இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது, இன்று கடை வாசல், பார்க்கிங் ஓரம் எல்லாம் அதுதான். அது குளிரை விரும்பும் இனம் என்பதால் மண் சில்லென்று இருக்கும்போதே ஏப்ரலில் கிளம்பிவிடும். மிஸ்காந்தஸ், பானிக்கம், ஃபவுண்டன் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம் எல்லாம் வெயிலுக்குப் பழகிய இனங்கள். மண் சூடேறாமல் அசையாது. நாம் காற்றின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றுகிறோம், ஆனால் வேர் இருக்கும் ஆழத்தில், அதுவும் களிமண்ணில், சுவர் நிழலில், தடித்த மல்ச்சுக்கு (மண்மேல் பரப்பும் மூடாக்கு) அடியில், குளிர் இன்னும் போயிருக்காது. மே கடைசி வரை பாருங்கள், குளிரான வருடம் என்றால் ஜூன் ஆகும். இப்போது செய்ய வேண்டியது, பழைய தாளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து 10–15 செ.மீ. விட்டு வெட்டுவதுதான். குருத்து வந்தபிறகு வெட்டினால் அதன் நுனியும் சேர்ந்து போகும். கையுறை போடுங்கள், அந்த இலை விளிம்பு தோலைக் கிழிக்கும்.

ஏஜக்ஸ் தம்பி: சாப்பாட்டுத் தட்டு அளவு பூக்கும் ஹைபிஸ்கஸ் போன வருடம் நட்டேன். காய்ந்த குச்சி மட்டும்தான் மிச்சம்.

அந்த இனம் எல்லோருக்கும் கடைசியாகத்தான் எழும்பும், ஜூன் தொடக்கம் வரைகூட ஒன்றும் தெரியாது. காய்ந்த குச்சியை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், இடம் மறக்காது. பலூன் பூவும் பட்டர்ஃபிளை வீட் (butterfly weed) செடியும் அப்படியே, இரண்டுக்கும் சதைப்பற்றான வேர், கிளறினால் முறியும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் தூரின் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விரலால் விலக்குங்கள்: வேர் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கூழாகி நாறினால் போய்விட்டது. ஊரில் வேலியோரம் நின்ற செம்பருத்தியை இங்கே வெளியே விட்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அது இந்தக் குளிர்காலம் தாங்காது.

மார்க்கம்: ஊதா நிற ஃபவுண்டன் கிராஸ்?

செத்துவிட்டது. இங்கே அந்த ஊதா வகை மட்டும் ஒரு வருடப் பயிர்.

பிரம்ப்டன்: கறிவேப்பிலை இலை கொட்டுகிறது.

என் துறை இல்லை. இரவுகள் 10 பாகைக்கு மேல் நிலைக்கும் வரை வெளியே வைக்காதீர்கள்.

மிசிசாகா: ரஷ்யன் சேஜ் செத்ததா?

தண்டை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர். தெரியாவிட்டாலும் அடியிலிருந்து வரலாம், பிடுங்க வேண்டாம்.

குவெல்ஃப் தங்கச்சி: எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறீர்களே, தண்டுக்குள் தேனீ இருக்குமே? 10 பாகை வரும்வரை தொடக்கூடாதாமே?
பிக்கறிங் அண்ணா: தேனீ தேனீ என்று வளவைக் குப்பையாக்க முடியாது, நான் ஒக்டோபரிலேயே மொட்டையடித்துவிடுவேன்.

இதைப் பற்றிக் கேட்டது எனக்குச் சந்தோஷம். தங்கச்சி, உங்கள் அக்கறை சரி, ஆனால் அந்த 10 பாகைக் கணக்கு எல்லாத் தேனீக்கும் பொருந்தாது. ஏப்ரலிலேயே மண்ணிலிருந்து வெளிவரும் இனமும் உண்டு, பூசணிப் பூவை நம்பி ஜூலையில் வெளிவரும் இனமும் உண்டு. சிறிய தச்சுத் தேனீ சோற்றித் தண்டுகளுக்குள் (நடுவில் மென்மையான சோறு உள்ள தண்டுகள்) குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால் எக்கினேசியா, ஜோ பை போன்ற பூச்செடிகளை ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள், வெட்டியதைப் பைக்குள் கட்டாமல் வேலியோரம் தளர்வாகக் குவியுங்கள், நிற்கவிட்ட அடித்தண்டுகளில்தான் இந்த வருடம் புதுக் கூடு வரும். அண்ணா, ஒக்டோபரில் மொட்டையடிப்பது உங்கள் புல்லுக்கே கெடுதல். மேல்தாள்தான் தூருக்குப் போர்வை, அது போனால் ஈரமும் ஐஸும் நேராக நடுத்தூரில் இறங்கி அழுகும். விதை பொறுக்க வரும் குருவிகளையும் இழக்கிறீர்கள். மார்ச் கடைசி வரை விடுங்கள்.

ஓஷாவா, வோன், மறுபடி ஸ்காபரோ: மிஸ்காந்தஸ் இன்னும் வரவில்லை.

முதல் பதிலைப் படியுங்கள். ஜூன் பாதி வரை எதையும் பிடுங்க வேண்டாம். பசளையும் போட வேண்டாம், தூங்கும் வேருக்கு அது பயன்படாது.

விற்பி: புல் சுற்றிலும் வருகிறது, நடுவில் மட்டும் வட்டமாக வெறுமை.

இதுதான் கவனிக்க வேண்டிய கேள்வி. பழைய தூர் நடுவில் களைத்துவிடும், வெளி விளிம்பில்தான் இளம் குருத்து இருக்கும். குருத்து இரண்டு விரல் உயரம் வந்ததும் முழுத் தூரையும் கிளப்பி, கூரிய மண்வெட்டியாலோ கைவாளாலோ நான்காகப் பிளந்து, நடுக்கட்டையை எறிந்துவிட்டு விளிம்புத் துண்டுகளை நடுங்கள். மிஸ்காந்தஸ் போன்ற கோடைப் புற்களை இலையுதிர் காலத்தில் பிரித்தால் குளிருக்குமுன் வேர் பிடிக்காது. நட்டபின் முதல் கோடை முழுவதும் தண்ணீர் விடாமல் இருக்காதீர்கள்.