'அபாலிஷ்' என்றால் ஒழிப்பா, ரத்தா, நீக்கமா?

கேள்வி: 'அபாலிஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஒழி, நீக்கு, ரத்து செய், அழி என்று நாலைந்து பொருள் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் எதை எழுதுவது?

ஒரே சொல்தான் வேண்டும் என்றால் 'ஒழி' என்று எழுதுங்கள். பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பொருந்தாத இடங்களில் பொருளே தலைகீழாகிவிடும். ஆங்கில ஆவணங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை பல வருடங்களாகச் செய்கிறேன். என்னை அதிகம் யோசிக்க வைத்த சொற்களில் இதுவும் ஒன்று. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, எது முடிகிறது என்பதை. இன்றைய ஆங்கிலத்தில் 'அபாலிஷ்' செய்யப்படுவது ஒரு முறை, வழக்கம், வரி, பதவி, அமைப்பு, தண்டனை போன்றவை. மனிதரையோ கட்டடத்தையோ கொசுவையோ அப்படிச் செய்வதாக எழுத மாட்டார்கள். முடித்து வைப்பவர் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும்: அரசு, நாடாளுமன்றம், நிர்வாகக் குழு இப்படி.

நம்முடைய 'ஒழி'க்கு இந்த எல்லை எதுவும் கிடையாது. 'மழித்தலும் நீட்டலும் வேண்டா உலகம் பழித்தது ஒழித்து விடின்' என்ற குறளில், ஒருவர் தன் தீய நடத்தையைத் தானே விட்டுவிடுவதுதான் ஒழித்தல். 'அவரை ஒழிய வேறு யாரும் வரவில்லை' என்றால் தவிர என்று பொருள். வறுமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு, பெரியம்மை ஒழிப்பு எல்லாமே நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் பெரியம்மைக்கு 'எராடிகேட்', அதாவது வேரோடு களைதல். 1980-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தபோதும் அந்தச் சொல்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

எழுத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சுவர் விளம்பரங்களில் 'ஒளிப்போம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒளித்தல் என்றால் மறைத்து வைத்தல். வறுமையை ஒளிப்பது வேறு, ஒழிப்பது வேறு. சிறப்பு ழகரம் கட்டாயம்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். தமிழில் மனிதரையும் 'ஒழித்துக்கட்ட' முடியும் என்பதால், 'குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு' என்று எழுதினால் ஒழிக்கப்படுவது யார்? பழக்கத்தால் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் சொல்லாக எடுத்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகளைத்தான் குறிக்கிறது. 'குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிப்பு' என்று நடுவில் 'முறை' வர வேண்டும். கொத்தடிமை ஒழிப்புக்கும் இதே கதைதான். இடம் போதவில்லை என்று தலைப்பிலிருந்து 'முறை'யை வெட்டச் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்துப் பேசியிருக்கிறேன்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை ஒருமுறை ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள். 4-ஆம் பிரிவு, அந்த முறைக்கு மட்டும்தான் 'அபாலிஷ்' என்கிறது. அதில் சிக்கியிருந்த மனிதருக்கு வரும் சொல் 'விடுவிக்கப்படுகிறார்' என்ற பொருளுடையது. 6-ஆம் பிரிவில் அவர் தலைமேல் இருந்த கடனுக்கு வேறொரு சொல், விளக்கை அணைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்வது. முறை ஒழிகிறது, ஆள் விடுபடுகிறார், கடன் அற்றுப்போகிறது. மூன்றுமே முடிவுதான், ஆனால் மூன்றுக்கும் தனித்தனி வினை. தமிழிலும் இந்த மூன்றையும் பிரித்து எழுத நல்ல சொற்கள் இருக்கும்போது ஏன் எல்லாவற்றையும் 'ஒழிப்பு' என்ற ஒரே மூட்டையில் கட்ட வேண்டும்?

சட்டத்தில் ஒரு வழக்கம் ஒழிந்தால் நாட்டிலும் ஒழிந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. பிரிட்டன் 1833-ல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் போட்டபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியா அதில் சேரவில்லை. இங்கே 1843-ல் வந்த 5-ஆம் எண் சட்டம், அடிமை மீது ஒருவர் கொண்டாடும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றுதான் சொன்னது. ஆளை அடிமையாக விற்பதும் வாங்குவதும் குற்றமாக வந்தது 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில். ஆகவே '1843-ல் இந்தியாவில் அடிமை முறை ஒழிந்தது' என்ற ஒற்றை வரியை நான் எழுத மாட்டேன். 'அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பு நீங்கியது' என்றுதான் எழுதுவேன்.

அப்புறம் 'ரத்து'. அரபியிலிருந்து உருது வழியாக வந்து நம் வாயில் நன்றாக ஒட்டிக்கொண்ட சொல். சுருக்கமானது, செய்தித்தாள் தலைப்புக்கு ஏற்றது. சிக்கல் என்னவென்றால், இந்த ஒருமுறை மட்டும் நடக்காது என்பதற்கும் இனி எப்போதும் கிடையாது என்பதற்கும் அதையே போடுகிறோம். தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு மாநில அரசு நடத்திய நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் போனது. செய்தி: 'நுழைவுத் தேர்வு ரத்து'. 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. செய்தி: 'பொதுத்தேர்வு ரத்து'. முதலாவது 'அபாலிஷ்', இரண்டாவது 'கேன்சல்'. மரண தண்டனையிலும் அப்படித்தான். ஒருவருடைய தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தால் 'தூக்கு ரத்து' என்கிறோம். ஒரு நாடு தூக்கையே கைவிட்டாலும் அதையே சொன்னால் வாசிப்பவர் என்ன செய்வார்? இரண்டாவதற்கு 'மரண தண்டனை ஒழிப்பு' என்று எழுதினால் குழப்பமே வராது.

'கலைப்பு' பற்றி ஒரு வரி. சட்டமன்றத்தைக் கலைத்தால் தேர்தல் நடந்து மறுபடி கூடும். 1986 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டு மேலவை போனது அப்படி இல்லை, அந்த அவையே இல்லாமல் ஆனது. பேச்சில் இரண்டையும் கலைப்பு என்கிறோம், பரவாயில்லை. எழுத்தில் மேலவைக்கு 'நீக்கம்' அல்லது 'ஒழிப்பு' பொருத்தம்.

சரி, 'நீக்கம்'. வரி, கட்டணம், பதவி போன்றவற்றுக்கு இது நல்ல சொல், ஒழிப்பில் இருக்கும் போராட்டச் சூடு இதில் இல்லை. ஆனால் வேலை தொடர்பான தாள் என்றால் மிகவும் கவனம் வேண்டும். நான் பள்ளியில் படித்தபோது என் அத்தை ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். கணினி வந்த பிறகு ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தட்டச்சர் பணியிடம் 'அபாலிஷ்' செய்யப்படுகிறது என்பது முதல் வரி. தெரிந்தவர் ஒருவர் அந்த வரியை மட்டும் வாசித்துவிட்டு, "உங்களைப் பணிநீக்கம் பண்ணிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். பணிநீக்கம் என்றால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? ஏதோ தப்பு செய்திருக்கிறார், அதனால் அனுப்பிவிட்டார்கள் என்றுதான். அத்தை இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் மாமா ஊரிலிருந்து வந்து கடிதத்தை முழுவதும் வாசித்தார். பணியிடம்தான் போகிறது, அதில் இருந்தவரைப் பதிவேட்டுப் பிரிவுக்கு அதே சம்பளத்தில் மாற்றுகிறோம் என்று இரண்டாவது பத்தியில் தெளிவாக இருந்தது. "நாற்காலியத்தான் எடுத்திருக்காங்க, உன்னை இல்ல" என்றார் மாமா. அத்தை அந்தத் தாளை வாங்கி, தமிழில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். மாமா கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: 'தட்டச்சர் என்ற பணியிடம் இனி இந்த அலுவலகத்தில் இருக்காது.' ஒழிப்பும் இல்லை, நீக்கமும் இல்லை. இன்றும் பணியிடம் பற்றிய கடிதம் என் மேசைக்கு வந்தால், முதலில் அந்த வரியை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அலுவல் நடைக்கு மாற்றுகிறேன்.