முதல் முறையாகப் பழைய ராணுவக் கைத்துப்பாக்கி வாங்குபவர் டோகரேவ் வாங்கலாமா, நாகான் வாங்கலாமா?

அமெரிக்காவில் வசிக்கும் நீங்கள், சேகரிப்பின் முதல் பொருளாக 500 டாலருக்குள் ஒரு பழைய ராணுவக் கைத்துப்பாக்கியை வாங்க விரும்புவதாகவும், டோகரேவ் என்னும் சோவியத் கைத்துப்பாக்கியா, நாகான் என்னும் ரஷ்ய ரிவால்வரா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒஹாயோவில் பல ஆண்டுகளாக இவற்றைச் சேகரித்துவரும் என் பதில் டோகரேவ். அதிலும் 1950களில் ருமேனியாவின் கூஜிர் ஆலையில் செய்யப்பட்ட டிடிசி என்னும் வகை. காரணம் சொல்வதற்கு முன், நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக உங்களைத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே அனுமதிப்பதில்லை. செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன என்றாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்குவது உங்கள் குடியேற்ற நிலையையே பணயம் வைப்பதாகும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடியேற்றத் துறை தந்த தங்கள் அடையாள எண்ணான ஏ-எண்ணைக் குறிப்பிட்டு, பின்னணிச் சோதனையில் தேறி வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் வேறுபடும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனியாக வாங்கும் அனுமதி பெற வேண்டும் என்பது ஓர் உதாரணம்.

சேகரிப்பைத் தொடர்வது என்று முடிவு செய்துவிட்டால், 'கியூரியோ அண்ட் ரெலிக்' எனப்படும் சேகரிப்பாளர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் கட்டணம். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தன் மூல வடிவில் உள்ள துப்பாக்கிகளும், அரசின் பட்டியலில் இடம்பெற்றவையும் இதில் அடங்கும். உங்கள் மாநிலச் சட்டம் இடங்கொடுத்தால் வெளிமாநில விற்பனையாளரிடமிருந்தும் நேரடியாக வரவழைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, வந்ததையும் போனதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும் கடமை உங்களுக்கு உண்டு. இந்த உரிமத்தைக் கொண்டு வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது.

இனி டோகரேவுக்கு வருகிறேன். ஃபியோதோர் டோகரேவ் சோவியத் ராணுவத்துக்காக 1930இல் வடிவமைத்து, 1933இல் எளிமையாக்கிய டிடி-33 என்ற கைத்துப்பாக்கியின் அடிப்படைப் பொறியமைப்பு அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கினுடையதுதான். ஆனால் டோகரேவ் அதில் செய்த இரண்டு மாற்றங்களைக் கையில் பிரித்துப் பார்க்கும்போதுதான் அவருடைய அறிவின் கூர்மை விளங்கும். தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் சுத்தியலும் அதைப் பிடித்து நிறுத்தும் பாகங்களும் ஒரே தொகுதியாக, மேல்நோக்கி இழுத்தால் கையோடு வந்துவிடுகின்றன; களத்தில் பழுதானால் ஒரு சிப்பாய் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் வாயில் வழக்கமாக இருக்கும், தோட்டாவை வழிநடத்தும் உதடுகளை அந்தத் தொகுதியிலேயே கடைந்துவிட்டார். மெல்லிய தகட்டாலான மேகசின் சற்று நசுங்கினாலும் தோட்டா ஏறும். இத்தனைக்கும் பிரிப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. வலப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

போருக்குப் பிறகு போலந்து, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, சீனா, ருமேனியா எனப் பல நாடுகள் இதையே தங்கள் ஆலைகளில் செய்தன. சோவியத் தயாரிப்பு, அதிலும் போர்க்கால ஆண்டு பொறித்தது, விலை கூடுதல். யூகோஸ்லாவியாவின் எம்57 வழக்கமான எட்டுக்குப் பதிலாக ஒன்பது தோட்டா கொள்ளும். கைப்பிடி சற்று நீளம். அதுவும் நல்ல தேர்வுதான். ஆயினும் என்னிடம் உள்ள 1953ஆம் ஆண்டு ருமேனியத் துப்பாக்கியின் கைப்பிடியில் ஆர்.பி.ஆர். என்ற மூன்று எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. ருமேனிய மக்கள் குடியரசு என்பதன் சுருக்கம் அது. 1947இன் இறுதியில் அரசர் மிஹாய் முடிதுறந்தபோது பிறந்து, 1965இல் பெயர் மாறிய ஒரு நாட்டின் பெயர் என் உள்ளங்கையில் தட்டுப்படுகிறது. அந்த எழுத்துகளின் ஓரங்கள் யாரோ ஒரு ராணுவ அதிகாரியின் கைபட்டு மழுங்கியிருப்பதை விரலால் தடவிப் பார்க்கும்போது, எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் பொருள் முழுவதும் அங்கே இருப்பதாகத் தோன்றும்.

இது மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. டோகரேவின் மூல வடிவில் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் டிரிக்கரும், குழலின் மேல் முன்பின் நகரும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும், அவ்வளவே. 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒட்டி வந்த இறக்குமதி விதிகளுக்குப் பாதுகாப்புப் பூட்டு தேவைப்பட்டதால், இறக்குமதியாளர்கள் பின்னர் ஒரு சிறு நெம்புகோலைப் பொருத்தினார்கள். தங்கள் பெயரையும் ஊரையும் உலோகத்தில் பொறித்தார்கள். மூத்த சேகரிப்பாளர்களுக்கு இந்த இரண்டுமே பிடிக்காது. ஆகவே விலை இறங்குகிறது. புதியவருக்கு அது நல்வாய்ப்பு. வரிசை எண்கள் பொருந்தி, குழல் நன்றாக இருக்குமானால், இறக்குமதி முத்திரைக்காக மட்டும் ஒன்றை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நாகான் ரிவால்வரும் அருமையான பொருள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லெயோன் நாகான் வடிவமைத்து 1895இல் ரஷ்யா ஏற்றுக்கொண்ட அதில் ஏழு தோட்டாக்கள். சுத்தியல் இழுபடும்போது தோட்டாக்கள் அமர்ந்திருக்கும் உருளை முன்னே நகர்ந்து குழலோடு ஒட்டி, வாயு கசியாமல் அடைத்துக்கொள்ளும். ஆனால் சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் டிரிக்கரை மட்டும் இழுத்துச் சுடுவதானால், விரல் வலிக்கும் அளவுக்கு டிரிக்கர் கனம். அதன் தோட்டாவும் எளிதில் கிடைப்பதில்லை. அதை இரண்டாவதாக வாங்குங்கள்.

நான் முதலில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில் வெப்லி மார்க் 6 ரிவால்வர் ஒன்றைக் கண்டேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் அதிகாரிகள் இடுப்பில் இருந்த வகை அது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர், இதில் கடையில் கிடைக்கும் .45 ஏசிபி தோட்டாவையே போடலாம் என்று அதை ஒரு சிறப்பாகச் சொன்னார். மூலத் தோட்டாவான .455க்குப் பதிலாக அதைப் போடுவதற்காக, உருளையின் பின்முகத்தை யாரோ பிற்காலத்தில் கடைந்து குறைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் அதை மடக்கித் திறந்து, உருளையின் விளிம்பில் தன் நகத்தை ஓட்டி, ஆலையில் விடப்படும் .45 ஏசிபி தோட்டாவின் அழுத்தம் இந்த ரிவால்வரைச் சோதித்த அழுத்தத்தையே மிஞ்சக்கூடியது என்று விளக்கினார். சேகரிப்பு மதிப்பும் போயிற்று, சுடுவதற்கும் ஆபத்து. கையில் ஒரு விளக்கும், கேட்கச் சில கேள்விகளும் இல்லாமல் போனதற்கு நான் கொடுத்த விலை அது.

ஆகவே வாங்கும் மேசையில் அவசரம் வேண்டாம். முதலில் உரிமையாளரின் அனுமதி கேட்டு, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். சிறு விளக்கால் குழலுக்குள் பாருங்கள். உட்சுவரில் சுருளாகச் செல்லும் புரிகள் கூர்மையாக இருக்க வேண்டும், அரிப்புக் குழிகள் இருக்கக் கூடாது. உடல், ஸ்லைடு, குழல் ஆகியவற்றின் எண்களை ஒப்பிடுங்கள். எழுத்துகளின் விளிம்புகள் கரைந்து, உலோகம் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், யாரோ தேய்த்து மறுபடி நீலப்பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். அத்தகையதை விட, பூச்சு நரைத்துப்போய் முத்திரைகள் தெளிவாக உள்ளதை நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். நீங்களும் வாங்கியபின் எதையும் மெருகேற்றாதீர்கள்; ஒருமுறை தேய்த்தால் போனது திரும்பாது.

சுட விரும்பினால், ஒரு நிபுணரிடம் காட்டி, சுடும்போது பின்னே வரும் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில்லை மாற்றிய பிறகே சுடுங்கள். பழைய கிழக்கு ஐரோப்பிய உபரித் தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்தபின் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, குழலை அரித்துவிடும். எண்ணெய் மட்டும் அந்த உப்பைக் கரைக்காது. அன்றே குழலை வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் தடவ வேண்டும். தோலுறையோடு கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரண்டையும் தனித்தனியே, பூட்டிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.