வாசகர் கேள்வி – பதில்: அமைச்சரிடம் கேட்பது எப்படி?

சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் அமைச்சர்களிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதிலளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாய்க்கால் நிரம்பிக் கழிவுநீர் வீட்டுக்குள் வருகிறது. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் இதைப் பேரவையில் எழுப்பினார். 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அமைச்சர் பதில் சொன்னார். மறுநாள் நாளிதழில் செய்தியும் வந்தது. வாய்க்கால் அப்படியேதான் கிடக்கிறது. கேள்வி நேரம் வெறும் சம்பிரதாயம்தானா?
– ஒரு வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: உங்கள் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது உங்கள் பகுதி பட்ட பாட்டை ஊரே பார்த்தது. ஆனால் கேள்வி நேரம் சம்பிரதாயமாகிப் போவதற்குப் பதில் சொல்பவர் மட்டுமே காரணம் அல்லர். கேள்வி எழுதப்படும் விதமும் காரணம். 'வாய்க்காலைத் தூர்வார அரசு முன்வருமா?' என்று கேட்டால், 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலோடு அமைச்சர் அமர்ந்துவிடலாம். 'ஆம் எனில், எப்போது?' என்ற அடுத்த பகுதிக்கு, 'இவ்வினா எழவில்லை' என்று அச்சிட்ட பதில் வந்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. விவரமும் எதுவும் இல்லை.

அதே கேள்வியை இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்: (அ) இந்த வாய்க்காலைத் தூர்வாரக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும் எவ்வளவு? (ஆ) பணி ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்ட தேதி எது, முடிந்ததாக, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் பதிவான தேதி எது? (இ) அள்ளிய மண் எத்தனை கன மீட்டர், அது எங்கே கொட்டப்பட்டது? (ஈ) பணி முடிந்ததாகப் பதிவான பிறகும் தண்ணீர் தேங்கியிருந்தால், யார் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?

இந்த நான்குக்கும் 'பரிசீலனை' என்ற சொல் பொருந்தாது. அரசு அலுவலகங்களில் 'எல்.ஏ.க்யூ.' (சட்டப்பேரவைக் கேள்வி) என்று அழைக்கப்படும் இந்தத் தாள் வந்துவிட்டால், அன்றாடக் கோப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குத்தான் முதலில் பதில் தயாரிப்பார்கள். இளநிலைப் பொறியாளர் 'எம்.புக்' எனப்படும் அந்த அளவுப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். அவர் எழுதிய பதிலில் செயற்பொறியாளர், தலைமைப் பொறியாளர், துறைச் செயலர் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்திட்ட பின்பே அது அமைச்சரின் கைக்கு வரும். தவறான தகவலை வேண்டுமென்றே அவையில் வைத்தால் அவையின் உரிமையை மீறியதாகப் பிரச்சினை எழக்கூடும் என்பதால், கையெழுத்திடுகிற எவரும் எண்களை இருமுறை சரிபார்ப்பார். அள்ளாத மண்ணுக்குப் பட்டியல் போடப்பட்டிருந்தால், அது வெளியே தெரிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொன்றும் உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சொன்னால், அது காற்றில் போன பேச்சு அல்ல. அது அரசு கொடுத்த உறுதிமொழி. அத்தகைய உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பின்தொடர்வதற்காகவே மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இயங்கி வருகிறது. அங்கே ஓர் உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. உங்கள் உறுப்பினர் அன்றைய அவைக் குறிப்பை எடுத்துக்காட்டி அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால், வாய்க்கால் விவகாரம் மீண்டும் உயிர் பெறும். நாளிதழில் செய்தி வந்ததோடு உறுப்பினரும் ஓய்ந்துவிட்டார் என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து வடிவில் மட்டுமே பதில் வரும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் அது நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. எந்தெந்தக் கேள்வி பட்டியலில் இடம்பெறும் என்பது குலுக்கலில் முடிவாகிறது.

துணைக் கேள்வியின் அருமையை நாம் மறந்துவிடக் கூடாது. வெள்ளையர் ஆட்சியில் 1892-இல்தான் கேள்வி கேட்கும் உரிமையே கிடைத்தது; பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும் என்பது அப்போதைய நிலை. கேட்டவரே மேலும் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம் என்ற உரிமை 1909-ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் வந்தது. அமைச்சரின் சொந்தத் துறையறிவு வெளிப்படும் இடம் அதுதான். எழுதிக் கொடுத்த தாள் அங்கே உதவாது.

ஆனாலும் என் கருத்தில், குறியிடாத கேள்விகளே பெரும் புதையல். ஊர்வாரியான, ஆண்டுவாரியான விவரப் பட்டியல்கள் அவற்றின் இணைப்புகளில்தான் கிடைக்கின்றன. தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் ஒளிபரப்பாகிறது. உங்கள் மாவட்டத்தின் ஒன்பது தொகுதி உறுப்பினர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: ஜிப்மர் மருத்துவமனை பற்றியும் ரயில் பாதை பற்றியும் புதுச்சேரி சட்டப்பேரவையில் கேள்வி கேட்க முடியாதா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: ஜிப்மர் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவது, ரயில் பாதை ரயில்வே அமைச்சகத்தின் பொறுப்பு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை திட்டமிடப்பட்ட பாதை என்ன ஆயிற்று என்பதற்குப் புதுச்சேரி அமைச்சர் எவரும் பொறுப்பான பதில் சொல்ல இயலாது. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: எதைக் கேட்டாலும், 'கோப்பு துணைநிலை ஆளுநரிடம் இருக்கிறது', 'மத்திய அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று பதில் வருகிறது. அப்படியானால் யாரைத்தான் கேட்பது?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: புதுச்சேரியின் தனிப்பட்ட சிக்கலைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின்படி, பேரவை சட்டமியற்றக்கூடிய விவகாரங்களில் துணைநிலை ஆளுநருக்கு அமைச்சரவை உதவியும் ஆலோசனையும் வழங்கும். இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அது குடியரசுத் தலைவருக்குச் செல்லும். நடைமுறையில் மத்திய உள்துறை அமைச்சகமே முடிவு செய்கிறது. வரவு செலவுத் திட்டத்துக்கே முன்கூட்டியே தில்லியின் ஒப்புதல் வேண்டும். ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் அதை ரத்து செய்தது.

இலவச அரிசி விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரிசியாகவே தருவதா, அதற்கான பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்துவதா என்று அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே மூண்ட பிணக்கில், பணமாகத் தருவது என்ற முடிவே நிலைத்தது. ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் அவையில் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். முடிவெடுத்தவரோ அந்த அவையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இல்லை. மக்கள் வரிப்பணத்தைப் பற்றிய ஒரு முடிவுக்கு மக்கள் பிரதிநிதிகள் முன் விளக்கம் சொல்ல ஆளில்லாத இந்த நிலை, ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் தவறானது என்று உறுதியாகச் சொல்வேன்.

இருக்கும் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'ஏன் தாமதம்?' என்று கேட்காமல், கோப்பின் பயணத்தைத் தேதியோடு கேட்க வேண்டும். அமைச்சர் கையெழுத்திட்ட நாள் எது? கோப்பு ஆளுநர் மாளிகைக்குச் சென்ற நாள் எது? என்ன குறிப்போடு, எத்தனை முறை திரும்பியது? இன்று எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது? இந்தத் தேதிகள் அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், 'அவரிடம் இருக்கிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்க எவராலும் முடியாது. பல நேரங்களில் கோப்பு ஆளுநர் மாளிகைக்குப் போகவே இல்லை என்ற உண்மையும் அப்போதுதான் தெரியவரும்.

மற்றொரு குறையையும் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முப்பது பேர், மத்திய அரசால் நியமிக்கப்படுவோர் மூவர் வரை. இவர்களில் முதல்வரையும் அமைச்சர்களையும் பேரவைத் தலைவரையும் கழித்தால், கேள்வி கேட்கக்கூடியவர்கள் இருபத்தைந்து பேர் அளவில்தான் மிஞ்சுவார்கள். இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பதற்காகவே கூடி, ஒரே நாளில் கலைந்த கூட்டத்தொடர்களும் உண்டு. கூட்ட நாட்கள் குறைந்தால் கேள்விகளும் குறையும். கூட்டத்தை நீட்டிக்கக் கோரி உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பட்ஜெட்டில் அறிவித்த பணம் உண்மையிலேயே செலவாயிற்றா என்று சாதாரண மனிதர் எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முதல்வரோ நிதியமைச்சரோ வாசிக்கும் உரையை விட்டுவிட்டு, அதனுடன் வரும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தை, அதாவது ஒவ்வொரு துறையும் பேரவையிடம் பணம் கேட்கும் புத்தகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் எதிரே, முடிந்துபோன ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று தொகைகள் பத்தி பத்தியாக இருக்கும். மதிப்பீட்டில் பெரிய தொகையும் திருத்திய மதிப்பீட்டில் அதில் பாதியும் இருந்தால், அங்கேதான் கேள்வி பிறக்கிறது: திட்டம் தொடங்கவில்லையா, ஒப்பந்தம் முடிவாகவில்லையா, மார்ச் மாதத்தில் பணம் திருப்பி ஒப்படைக்கப்பட்டதா? மானியக் கோரிக்கை விவாதத்தின்போது, கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்து இதை எழுப்ப உறுப்பினருக்கு உரிமை உண்டு. பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறிவிடுகின்றன என்பது வேதனை.

செலவான பிறகு வருவது தணிக்கை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை தமிழ்நாட்டில் ஆளுநர் வழியாகவும், புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர் வழியாகவும் பேரவையில் வைக்கப்படுகிறது. அதைப் பேரவை உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொண்டு துறைச் செயலர்களை அழைத்து விசாரிக்கும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1957-ஐ நினைவுபடுத்துகிறேன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. மக்களவையில் அதைக் குறித்து எழுந்த கேள்விக்கு அரசு மழுப்பலாகப் பதில் சொல்ல, பெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்லா தலைமையில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அமைச்சரைக் கேள்வி கேட்டால் அது துரோகம் என்று இன்று நினைக்கிறார்கள். பெரோஸ் காந்தி அப்படி நினைக்கவில்லை.

கேள்வி: காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: நடந்திருக்கிறது. 2005 டிசம்பரில், மக்களவை உறுப்பினர்கள் பத்துப் பேரும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் இதற்காகப் பதவி நீக்கம் செய்யப்பட்டனர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் தொகுதி அரசுப் பள்ளிகளின் நிலை குறித்து உறுப்பினர் பேரவையில் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். எப்படி அணுகுவது?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

பதில்: கூட்டம் தொடங்கிய பிறகு போகாதீர்கள் அம்மா. கேள்வியை முன்னறிவிப்போடு கொடுக்க வேண்டும். மக்களவையில் அதற்குக் குறைந்தது 15 நாள் வேண்டும். கூட்டம் அறிவிக்கப்படும் முன்பே ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பள்ளியின் பெயர், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம், காலியிடம், எந்தப் பாடத்துக்கு எந்த மாதத்திலிருந்து ஆள் இல்லை, கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு உண்டா என்பதுபோல் சரிபார்க்கக்கூடிய விவரங்களை மட்டும் எழுதுங்கள். கல்வித் துறை சீரழிந்துவிட்டது என்று ஒரு வரிகூட வேண்டாம். அப்படி எழுதினால் கேள்வி விவாதமாக மாறிச் செயலகத்திலேயே நிராகரிக்கப்படும்.

விவரம் கையில் இல்லையென்றால், முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பள்ளிக் கல்வி இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பயனளிக்காவிட்டால், இரண்டாம் மேல்முறையீட்டைப் புதுச்சேரிக்காரர்கள் தில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கடலூர் வாசகர்கள் தமிழ்நாடு அரசுத் துறைகள் குறித்த மேல்முறையீட்டைச் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கிடைத்த பதிலின் நகலை உங்கள் ஒரு பக்கக் குறிப்போடு இணைத்து உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, அவர் அலுவலகத்தில் ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.